நாலாவது லைன், கொஞ்சம் வேகம்

பெங்களூர் பீன்யாவில் இருந்த அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அமைதியான இடம் ஒன்றே ஒன்றுதான்: துணி ரோல்களைக் கூரைவரை அடுக்கிவைத்திருந்த ஸ்டோர் ரூம். வெளியே நூற்றுக்கணக்கான தையல் மிஷின்கள் போடும் இரைச்சலை அந்த ரோல்கள் குடித்துவிடும். அங்கேதான் ஹரிஷ்குமார் கிரேஸை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, சிவாஜிநகரில் பேரம் பேசி வாங்கிவந்த மைக்கை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"இன்னா சார் பேசணும்?" என்றாள் கிரேஸ். நீலநிற ஓவர்கோட்டில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"'நாலாவது லைன், கொஞ்சம் வேகம்.' அவ்ளோதான். அப்புறம் அதையே கன்னடத்துல. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எல்லா லைனுக்கும்."

"எதுக்கு?"

"எந்த லைனாவது பின்தங்குச்சின்னா கம்ப்யூட்டரே ஸ்பீக்கர்ல சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை வந்தா அதிகம்."

கிரேஸ் யோசித்தாள். "நான் சொன்னா, 'இவ யாருடி நம்மள கேக்க'ன்னு சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"உங்க குரல்ல சொன்னா திட்டு மாதிரியே இருக்காது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. அறிவிப்பிலிருந்து ஹரிஷ் அதை வெட்டி எடுத்தான். ஆனால் தூக்கிப்போடவில்லை, தனி ஃபைலாகச் சேமித்துவைத்தான்.

கிரேஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடியபோது அவள் அப்பாவுக்கு வேலை போனது. அவள் பெங்களூருக்கு வந்து ஆறாவது லைனில் காலர் தைக்க உட்கார்ந்தாள். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒன்றுபோலவே வரும். ஆயுதபூஜையன்று யாரோ வற்புறுத்தி மைக்கைக் கையில் கொடுக்க, அவள் பாடிய இரண்டு பாட்டில் ஹரிஷ் கிறங்கிப் போயிருந்தான். குடியாத்தத்திலிருந்து வந்து, சினேகிதர்கள் எல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டியில் கழுத்தில் அட்டை மாட்டித் திரியும்போது, தான் மட்டும் சட்டைக் கம்பெனியில் எண்ணிக்கை தட்டிக்கொண்டிருக்கிறோமே என்ற ஏக்கம் அவனுக்கு. தளத்துக்கு மேலே இரும்புப் படிக்கட்டின் முடிவில் இருந்த கண்ணாடிக் கேபின்தான் அவன் உலகம். அங்கிருந்து பார்த்தால் மிஷின் வரிசைகள் ஒரு நதியின் கிளைகள்போல் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். கீழே குனிந்து தைக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்ததில்லை.

அவன் எழுதியது பெரிய நிரல் ஒன்றுமில்லை, எக்செல்லில் ஒரு மேக்ரோ. ஒவ்வொரு லைனும் எத்தனை சட்டை முடித்தது என்ற சீட்டு மணிக்கொரு முறை அவனிடம் வரும். அதைத் தட்டினால், காலையிலிருந்து இந்த நிமிஷம்வரை கடந்த நேரத்தோடு ஒப்பிட்டு, லைனின் வேகத்தை எக்செல் தாள் தானே கணக்குப் போடும். தாள் கணக்கை மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் மேக்ரோ தானாக விழித்துக்கொண்டு எட்டு லைன்களையும் பார்க்கும். வேகம் குறைந்த லைன் எதுவோ, அதற்குரிய குரலை ஒலிபெருக்கியில் விடும். கணினியின் ஒயரை, தீ ஒத்திகைக்கும் பூஜைப் பாட்டுக்கும் வைத்திருந்த ஆம்ப்ளிஃபையரில் அவனே செருகினான். புரொடக்ஷன் மேனேஜர் சிவசங்கரன் பின்னால் நின்று பார்த்தார்.

"நாலாவது லைன், கொஞ்சம் வேகம்," என்றது கிரேஸின் குரல். "நால்கனே லைன், ஸ்வல்ப பேக."

தளம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. ஆறாவது லைனில் ஒரு பெண் கிரேஸின் முதுகில் தட்டினாள். கிரேஸ் வெட்கத்தோடு முகத்தை மூடிக்கொண்டாள். திருப்பூரிலிருந்து வந்தவரான சிவசங்கரன் ஹரிஷின் தோளைப் பிடித்து, "ஏப்பா, இத்தன நாள் உன்னைய சும்மா குமாஸ்தான்னு நெனச்சுட்டனே," என்றார். அன்று மாலை பஸ்ஸில் ஹரிஷ் நின்றுகொண்டே வந்தான். கூட்டம் நெரித்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

இரண்டாம் நாளே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குரல் ஒருமுறை இருமுறையோடு நிற்கவில்லை. ஒன்றாவது லைனின் எண்ணைத் தட்டினாலும் நாலாவது லைனைக் கூப்பிட்டது, ஏழாவது லைனுடையதைத் தட்டினாலும் நாலாவது லைனைத்தான் கூப்பிட்டது. அந்த மேக்ரோவுக்குக் கணக்கு மறுபடி போடப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும். எந்தக் கட்டத்தைத் தொட்டதால் போடப்பட்டது என்று தெரியாது. ஆகவே எவர் எண் வந்தாலும் எல்லோரையும் முதலிலிருந்து விசாரிக்கும். சற்றுமுன் திட்டியவரையே மறுபடி திட்டும்.

இதைச் சரிசெய்ய முடியும் என்றும் அவனுக்குத் தெரியும். முன்பு என்ன நிலை இருந்தது என்பதை ஓரமாகக் குறித்துவைத்து, புதிதாகச் சரிந்தால் மட்டும் பேசு என்று சில வரிகள் சேர்த்தால் போதும்.

சேர்க்கவில்லை. மேனேஜர் தினமும் வந்து சிரித்துவிட்டுப் போனார், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் கிரேஸ் பேசுவாள். அவன் விரல் பட்டதும் பேசுவாள். நாளெல்லாம் பேசினாள்.

கீழே நடந்ததை அவன் மேலிருந்து ஊமைப்படம்போல் பார்த்தான். முதலில் கேலி. சீட்டுகளைச் சேகரித்து மேலே கொண்டுவரும் காந்தா, கன்னடக்காரி, வாய் சும்மா இருக்காது. படியேறும்போதே, "ஏன்ரீ ஹரிஷ், உங்க ரேடியோ ஸ்டேஷன்ல பாட்டு போட மாட்டீங்களா? நாலாவது லைன் நியூஸ் மட்டும்தானா?" என்பாள். பிறகு கேலி நின்றது. சாப்பாட்டு நேரத்தில் கிரேஸ் வழக்கமாக நாலாவது லைன் சொர்ணத்தோடு உட்காருவாள். இருவரும் ஒரே வாடகைக் கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறை. சொர்ணம் வாணியம்பாடிக்காரி, வயதில் மூத்தவள், காலையில் இருவருக்கும் சேர்த்துக் குழம்பு வைப்பவள். இப்போது கிரேஸ் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரோரம் தனியாக இருந்தாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஹரிஷ் நினைத்தான். நினைக்க வசதியாக இருந்தது.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. லைனுக்கு ஒரு மரக்கட்டை டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். நாலாவது லைனின் டோக்கன் சில நாட்களாக ஆணியிலிருந்து இறங்கவே இல்லை. எழுந்தால் குரல் வரும் என்ற பயம். அதையும் அவன் மேலிருந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அன்று சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம். காந்தா கைநிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். மணி அடித்தது, மிஷின்கள் ஓய்ந்தன. பெண்கள் எழுந்து கூட்டமாகக் கதவுப்பக்கம் போனார்கள். ஹரிஷ் முதல் சீட்டைத் தட்டிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தான். நாலாவது லைன், இடம் போதாமல் கடைக்கோடியில், இஸ்திரி மேஜைகளுக்கு அந்தப்புறம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அங்கே ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. சொர்ணம். இரண்டு கைகளையும் மிஷின்மேல் வைத்து, கழுத்தை நேராக நிறுத்தி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிரேஸ் அவளிடம் ஓடினாள். சொர்ணம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். காந்தா பக்கத்து மேஜையிலிருந்து லைனிங் துணியை ஒரு நீளம் கிழித்துக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். அப்போதுதான் ஹரிஷ் பார்த்தான். சொர்ணத்தின் நாற்காலிக்குக் கீழே சிமென்ட் தரை ஈரமாக இருந்தது.

அவன் விரல் பாதி வேலையில் இருந்தது. மீதி எண்ணையும் தட்டிவிட்டு, பழக்கத்தில், என்டரை அழுத்திவிட்டது.

"நாலாவது லைன், கொஞ்சம் வேகம்," என்றது கிரேஸின் குரல், மிஷின் சத்தம் இல்லாத அந்தப் பெரிய கூடத்தில், முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு. "நால்கனே லைன், ஸ்வல்ப பேக."

கீழே கிரேஸ் நிமிர்ந்து கேபினைப் பார்த்தாள். காந்தாவும் பார்த்தாள். சொர்ணம் மட்டும் பார்க்கவில்லை. ஹரிஷ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விலகினான். விலகி ஒளிய இடமில்லை, நாலு பக்கமும் கண்ணாடி. கடைசியில் மேஜைக்குக் கீழே குனிந்து ஆம்ப்ளிஃபையரின் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியிருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. பேசியது அவன் நாக்கு அல்ல என்பதுதான் இன்னும் மோசம்.

அன்று பிற்பகல் அவன் சீட்டுகளைப் பழைய முறையில் தட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தான். அதைவிடப் பெரிய தப்பு அப்போதுதான் கண்ணில் பட்டது. காந்தா வாசல் பக்கமிருந்து சீட்டு சேகரித்துக்கொண்டே வருவாள். கடைக்கோடியில் இருந்த நாலாவது லைனின் சீட்டு எப்போதும் அடியில் இருக்கும். அவன் மேலிருந்து கீழாகத் தட்டுவான். மற்ற லைன்களின் எண் ஏற ஏற, கடிகாரமும் ஏறும். நாலாவது லைனின் எண் மட்டும் போன மணி நேரத்ததாகவே இருக்கும். தாளுக்கு அது பின்தங்கல்; பல லைன்கள் அப்படித் தெரிந்தாலும், தாளில் கடைசி வரியான நாலாவது லைனின் குரலையே மேக்ரோ விடும். கடைசிச் சீட்டைத் தட்டியதும் லைன் நிமிர்ந்துவிடும், குரலும் நின்றுவிடும். அடுத்த மணியில் மறுபடி தொடங்கும்.

நாலாவது லைன் ஒருநாளும் பின்தங்கவே இல்லை. அவர்களுடைய சீட்டு அவன் மேஜையில், அவன் கைக்குக் கீழே, காத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் இரண்டையும் சரிசெய்தான். எல்லாச் சீட்டும் ஏறியபின்தான் மேக்ரோ விழிக்கும். விழித்தாலும் ஒருமுறைதான் பேசும். சரிசெய்ததும், வெட்கம்கெட்ட மனசு, கொஞ்சம் லேசாகிவிட்டது. வாசலில் டீக்கடை ஓரமாக நின்று கிரேஸுக்காகக் காத்திருந்தான்.

அவள் தனியாகத்தான் வந்தாள்.

"கிரேஸ், சரி பண்ணிட்டேன். இனிமே ஒரே ஒரு தடவைதான் சொல்லும்."

அவள் நின்றாள். "என் குரல்லயா சார்?"

அவன் டீக்கடைப் பலகையைப் பார்த்தான்.

"எங்க ஊர்ல சங்கு ஊதும் சார், ஷிஃப்டுக்கு. காதைக் கிழிக்கும். ஆனா யாரும் சங்கு மேல கோவப்பட மாட்டாங்க. சங்குக்கு மூஞ்சி கெடையாது. வேலை முடிஞ்சி அது யார் பக்கத்துலயும் உக்காந்து துன்னப் போறதில்ல." அவள் தோள்பையை மாற்றிப் போட்டாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவன்னு சொன்னியே. அப்புறம் நாள் பூரா கத்திச்சே, உனக்குக் கேக்கவே இல்லையா?"

அவள் 'சார்' விட்டதையும் 'நீ'க்கு இறங்கியதையும் அவன் கவனித்தான். கேட்டது என்று சொல்ல முடியாது. கேட்கப் பிடித்திருந்தது என்று அதைவிடச் சொல்ல முடியாது.

"நாலாவது லைன் மேல தப்பே இல்லீங்க," என்றான் அவசரமாக. "கணக்குலதான் தப்பு. அவங்க சீட்டு லேட்டா ஏறும், அதனால..."

"இத ஏன் என்கிட்ட சொல்ற? சொர்ணம் அக்காகிட்ட போய்ச் சொல்லு."

அவள் போய்விட்டாள். டீக்கடைக்காரர் கோவிந்தப்பா கிளாஸைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக, வேலை நேரத்தில் இரும்புப் படிக்கட்டில் இறங்கித் தளத்தின் நடுவே நடந்தான். மேலிருந்து நதியாகத் தெரிந்த இடம் கீழே புழுக்கமும் எண்ணெய் வாடையுமாக இருந்தது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது. நாலாவது லைன்வரை போக இவ்வளவு தூரமா என்று நினைத்தான். காந்தாவின் சீட்டுகள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பதைக் கால் சொன்னது.

சொர்ணம் கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலியில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"அக்கா..." மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. உரக்கச் சொன்னான். "அக்கா, உங்க லைன் பின்தங்கவே இல்ல. ஒருநாள்கூட இல்ல. நான் எழுதுனதுல தப்பு. தெரிஞ்சும் விட்டுட்டேன்."

சுற்றி நாலைந்து மிஷின்கள் நின்றன. சொர்ணத்தின் மிஷின் நிற்கவில்லை. அவள் தையலை முடித்து, நூலைக் கத்தரித்து, அடுத்த துண்டை எடுத்தாள்.

"ஆகட்டும் தம்பி," என்றாள். "தள்ளி நில்லு. வெளிச்சம் மறைக்குது."

அவன் தள்ளி நின்றான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், திரும்பி அதே தூரத்தை நடந்தான். முதுகு முழுக்கக் கண்கள்.

கேபினில் சிவசங்கரன் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏப்பா ஹரிஷ், ஸ்பீக்கர் செத்துப்போச்சா? காலைலேருந்து மூச்சே காணோம்."

அவன் விளக்கினான். நாலாவது லைன், கடைசிச் சீட்டு, கடிகாரம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பின்தங்கவே இல்லீங்கறே?"

"இல்ல சார்."

"அப்பறம் எதுக்கு இந்த வாரம் நாலாவது லைன் உற்பத்தி மத்த எல்லாத்தையும் முந்திருக்குது?"

"பயத்துல சார்."

"அப்ப நல்லதுதானே." அவர் எழுந்தார். "மத்தியானத்துக்குள்ள பழையபடி ஓடணும். இல்லீன்னா மேக்ரோ எழுதற பையன் தெருவுக்குத் தெரு இருக்கான்."

நேற்று நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருந்தால் சொர்ணத்தின் அவமானம் மேனேஜர் அறை வரைக்கும் போயிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை என்று பின்னால் தன்னைத் தேற்றிக்கொண்டான். முழுக்க அதனால் அல்ல என்பதும் அவனுக்குத் தெரியும். முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் போய், வேலையை விட்டுவிட்டேன் என்று நிற்கும் காட்சி கண்முன் வந்தது. சொல் உள்ளேயே செத்தது.

"சார், குரலை மட்டும் மாத்திக்கலாமா?" என்று கேட்டான்.

"மாத்திக்கோ. ஆம்பளக் குரலா இருந்தா இன்னும் கொஞ்சம் பயப்படுவாளுக."

மைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனான். அதே ஸ்டூல். துணி ரோல்களுக்கு நடுவே தன் குரலைத் தானே கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. மூக்கால் பேசும் சின்னப் பையனின் குரல். கன்னடம் இன்னும் கேவலம். 'ஸ்வல்ப' என்பதை அவன் நாக்கு குடியாத்தத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. திருத்தித் திருத்திப் பேசிப் பார்த்து, பிறகு திருத்துவதை விட்டுவிட்டான். கேபினுக்கு வந்து, கிரேஸின் எட்டு ஃபைல்களையும் அழித்து, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தான். சிரிப்பு ஃபைல் தனியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஒருமுறை கேட்கலாமா என்று கை தயங்கியது. கேட்காமலே அழித்தான். அது ஒன்றுதான் அன்று அவன் தயங்கியும் சரியாகச் செய்த காரியம்.

பழைய மேக்ரோவைத் திரும்பப் போட்டான். ஒயரைச் செருகினான். சீட்டுகள் வந்தன. முதல் எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினான்.

"நாலாவது லைன், கொஞ்சம் வேகம்..."

தளம் ஒரு கணம் திகைத்தது. பிறகு காந்தாவின் குரல் மிஷின்களையெல்லாம் மீறி எழுந்தது. "அய்யோ தேவரே! யாருடி இது, மூக்கைப் புடிச்சிட்டுப் பேசறது?"

"சளி புடிச்சிருக்கு பாவம், யாராவது கஷாயம் குடுங்கடி!"

"ஸ்வல்பவாம் ஸ்வல்ப! மாமாவுக்கு யாரு கன்னடம் சொல்லிக் குடுத்தது?"

அடுத்த எண். அடுத்த என்டர். "நாலாவது லைன், கொஞ்சம் வேகம்..."

"வந்துட்டோம் மாமா!" என்று நாலாவது லைன் முழுவதும் ஒன்றாகக் கத்தியது. எட்டு லைனும் சிரித்தது. சிரிப்பில் மிஷின்கள் நின்று நின்று ஓடின. ஹரிஷின் காதும் கன்னமும் எரிந்தன. கண்ணாடி நாலு பக்கமும் இருந்தது. இந்த முறை அவன் விலகவில்லை. ஒவ்வொரு எண்ணையும் தட்டினான், ஒவ்வொரு முறையும் தன் குரலைக் கேட்டான். தான் இத்தனை நாள் என்ன செய்தோம் என்பது ஒவ்வொரு என்டருக்கும் ஒருமுறை அவனுக்குச் சொல்லப்பட்டது.

மூன்றாவது சீட்டோ நான்காவதோ, அப்போது சொர்ணம் எழுந்தாள். ஆணியிலிருந்து டோக்கனை எடுத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மரக்கட்டை மார்பில் ஆட, மிஷின் வரிசைகளுக்கு நடுவே, அவசரமில்லாமல் நடந்தாள். தலைக்குமேல் ஹரிஷின் குரல் நாலாவது லைனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆறாவது லைனைக் கடக்கும்போது, குனிந்து தைத்துக்கொண்டிருந்த கிரேஸின் தலையில் விரலால் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள்.

கிரேஸ் நிமிர்ந்தாள். சொர்ணம் போன திசையைப் பார்த்தாள். கேபின் பக்கம் திரும்பவில்லை.

ஹரிஷ் அடுத்த சீட்டை எடுத்தான்.